தோட்டாவுக்குள் மருந்து இறங்கினால்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறுகிறவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வெடிமருந்துக் கிடங்கின் முன்னால் நிற்பவர்கள் குறைவு. கனத்த சுவரும் காற்றுப் போக வைத்த துவாரங்களும்தான் அங்கே கண்ணுக்குத் தெரியும். 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, இந்த ஊருக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் கைத்தொழிலாளர்களை வைத்துப் பீரங்கிப் பட்டறையும் மருந்துக்கூடமும் அமைத்தார். பீரங்கியைவிட மருந்தைப் பேணுவதுதான் கடினமான வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரும்பு வைத்த இடத்தில் இருக்கும். மருந்து குலுங்கக் குலுங்க இறங்கிக்கொண்டே போகும்.

படியில் அரிசியைக் கொட்டித் தலைதட்டிவிட்டு, நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் அரிசி போடலாம். துகளாக இருக்கும் எதற்கும் இதே கதைதான். ஒரே அளவுள்ள உருண்டைகளைச் சும்மா கொட்டினால் பாத்திரத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய 60 சதவீதத்தை அடைக்கும். தட்டிக் குலுக்கினால் 64 சதவீதம் வரை போகும். மிச்சமெல்லாம் இடைவெளி. மருந்து எப்படி எரியும் என்பதில் அந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கருமருந்து. ஆரம்பத்தில் ஐரோப்பாவில் இதை மாவாகவே கலந்து வைத்தார்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனால் வழியெல்லாம் குலுங்கி, லேசான கரி மேலே வந்துவிடும். கனமானவை அடியில் தங்கிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கலக்க வேண்டும். மாவு இறுகிவிட்டால் இன்னொரு தொல்லை: நெருப்பு உள்ளே புக வழியில்லாமல் பாதி மருந்து மந்தமாக எரியும். 15ஆம் நூற்றாண்டில் இதற்கு வழி கண்டார்கள். மாவை ஈரமாக்கி, இறுக்கி, காயவைத்து, உடைத்து, சலித்து மணிமணியாக ஆக்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மணியிலும் மூன்று சரக்கும் பிரியாமல் இருந்தன. மணிகளுக்கு நடுவே நெருப்பு ஓடச் சந்தும் கிடைத்தது.

ஆனால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் இதோடு வேலை முடியவில்லை. குண்டு மருந்தின் மேல் தொட்டு உட்கார வேண்டும். நடுவே வெற்றிடம் விட்டால் குழல் புடைத்துப் பிளக்கவும் கூடும். கம்பியால் இடிக்கும் அழுத்தமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஹைதரும் அவர் மகன் திப்புவும் பேர் பெற்ற மைசூர் ராக்கெட்டுகளிலோ விஷயம் தலைகீழ். இரும்புக் குழாய்க்குள் மருந்தைச் சந்தே இல்லாமல் இறுக்கிவைத்தால், அது வெளிமுகத்திலிருந்து அடுக்கடுக்காக, நின்று எரியும். கருமருந்து குடும்பத்துச் சரக்குதான் இரண்டிலும். சந்து இருந்தால் ஒரே நொடியில் எரிந்து குண்டைத் தள்ளும்; இல்லாவிட்டால் நின்று எரிந்து ராக்கெட்டைக் கொண்டுபோகும்.

பிறகு புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து அரவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையின் பெயரே அந்த மருந்தின் பெயர்தான். கார்டைட் மணியாக இருக்காது, நூலிழை போல நீளமாக இருக்கும். பழைய .303 ரைஃபிள் தோட்டாவில் இந்த இழைகளைக் கட்டாக உள்ளே வைத்த பிறகுதான் பித்தளைக் கூட்டின் கழுத்தை ஒடுக்குவார்கள். அந்த மருந்து கொட்டுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

இன்றைய ரைஃபிள் மருந்து பெரும்பாலும் குச்சித் துண்டாகவோ, சிறு உருண்டையாகவோ இருக்கிறது. குச்சி ரகம் புனலில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி நிற்கும்; கூட்டுக்குள்ளும் தாறுமாறாக விழுந்து நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டப்படி தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் குறிசுடும் போட்டியாளர்கள், நீண்ட மெல்லிய குழாய் வழியே மருந்தை மெதுவாக விடுவார்கள். விழும் வேகத்தில் குச்சிகள் ஒழுங்காகப் படுத்து, மட்டம் இறங்கிவிடும். கூட்டை லேசாகத் தட்டுவதும் இதற்குத்தான். அப்படியும் இடம் போதாமல் குண்டை வைத்து அழுத்தினால் குச்சிகள் நொறுங்கலாம். நொறுங்கினால் எரியும் பரப்பு கூடும், வேகமும் கூடும்.

இங்கே பலர் குழம்பிப்போகிறார்கள். மட்டம் இறங்கினால் மருந்து குறைந்ததாக அர்த்தமில்லை. கூட்டுக்குள் இருக்கும் மொத்தக் காலி இடமும் அப்படியேதான் இருக்கிறது. துகள்களுக்கு நடுவே இருந்தது மேலே சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எடை மாறாதவரை அழுத்தம் பெரிதாக மாறாது. மட்டத்தை நம்பி மேலே இன்னும் கொஞ்சம் போட்டால்தான் ஆபத்து. கூடுதலாகப் போட்டது சிறிதுதான் என்றாலும் அழுத்தம் அதே கணக்கில் ஏறாது, அதைவிட வேகமாக ஏறும். அதனால்தான் மருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம்.

கூடு அரைகுறையாக நிரம்பியிருந்தால், ரைஃபிளைப் படுக்கையாகப் பிடிக்கும்போது மருந்து ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பிலிருந்து பாயும் தீ ஒருமுறை மருந்தின் மேல் ஓடும், இன்னொருமுறை நேராக மோதும். குண்டின் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுவதற்கு இது ஒரு காரணம். கூடு கழுத்துவரை நிறையும்படியான ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் மருந்து அசைய இடமிருக்காது.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். காட்டுப்பன்றி இறங்கும் மலையடிவாரத் தோட்டங்களில் இன்னும் நாட்டுத்துப்பாக்கி பிடிபடுகிறது. அதில் மருந்தை யாரும் நிறுப்பதில்லை, உள்ளங்கைக் கணக்குத்தான். போன வாரம் பொலபொலவென்று இருந்த மருந்து இந்த வாரம் டப்பாவில் குலுங்கி இறுகியிருந்தால், அதே உள்ளங்கையில் கூடுதல் எடை போகும். குழல் பிளந்தால் சேதம் பிடித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும்.