நாயோடு நீலகிரிக்குப் போகிறீர்களா?

லீவு விட்டால் போதும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்து வீடுகளில் "ஊட்டியா, கொடைக்கானலா?" என்ற பேச்சு வருவதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. "நாயை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து "ரெண்டு வேளை சோறு மட்டும் வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கட்டிப் போட்ட நாய் சாப்பிடாமல் கிடந்து இளைத்துப் போகும். அதைவிடக் கூடவே அழைத்துப் போவது நல்லது என்பதே என் கருத்து. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் நாயோடு தங்க இடம் தரும் காட்டேஜ்கள் இப்போது இருக்கின்றன. ஆனால் வாசகர்களே, மலையில் உங்கள் நாய் காவல்காரன் இல்லை. அங்கே அதற்குத்தான் நீங்கள் காவல்!

ரூம் பிடிக்கும்போது "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. சுற்றிலும் வேலி இருக்கிறதா, இரவில் நாய் அறைக்குள்ளேயே படுக்கலாமா என்பதையும் கேளுங்கள். "வராந்தாவுல கட்டிக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தைக்கு நாய் என்றால் சுலபமான இரை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை நாய் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

பகலில் காட்டுமாடு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ரோட்டோரத்திலேயே மேயும். அவிழ்த்து விட்ட நாய் அதைப் பார்த்துக் குரைக்கும். மிரண்ட மாடு துரத்தும். பயந்து போன நாய் எங்கே ஓடி வரும்? நேராக உங்களிடம்தான்! கரடிக்கும் இதே கதைதான். அதனால் நடக்கப் போகும்போது கழுத்துப் பட்டையும் கயிறும் கையை விட்டு அகலக் கூடாது.

ஊட்டிக்கு அப்பால் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியைப் பார்த்தால் நாயை ஓட விட ஆசையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் வேட்டை நாய்க் கூட்டத்தோடு நரி துரத்திய இடம் அது. இன்றைக்கு அது காப்புக்காடு. நம் நாயின் டிஸ்டெம்பர் நோய் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் தொற்றக்கூடியது. காட்டுக்குள் நாயைக் கொண்டு போகாதீர்கள்.

பயணத்துக்கு வருவோம். ரோடு வழி 500 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓட்டலுக்குள் நுழையாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ரயில் என்றால் ஏ.சி. முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுவதுமாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டிதான். தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். காரில் போகிறவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது.

ஊட்டி மார்க்கெட்டில் கேரட்டைத் தாராளமாக வாங்குங்கள். வேக வைத்துச் சோற்றில் பிசைந்து போட்டால் நாய்க்கு நல்லது. வர்க்கி குழந்தைகளுக்கு. ஊட்டி சாக்லேட்டை மட்டும் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும் விஷம். திராட்சை, வெங்காயம், பூண்டு இவையும் ஆகாது.

"உண்ணி வராம இருக்க நீலகிரித் தைலம் தடவலாமா டாக்டர்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கூடாது! நமக்குச் சளிக்கு ஆவி பிடிக்க உதவும் அந்தத் தைலத்தை நாய் நக்கினால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். மூலிகை என்பதாலேயே எல்லா உயிருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. கால்நடை மருத்துவர் தரும் உண்ணி மருந்தைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஊர் நாய்களோடு சண்டை வந்து, விலக்கப் போன உங்களைக் கடித்துவிட்டால்? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், வெறிநாய்க்கடிக்கு வேர் கட்டி, பச்சிலை கொடுத்து நாளைக் கடத்தினால் உயிர் போய்விடும். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் வந்தது இதற்காகத்தான். அதற்கு முன் இந்தச் சிகிச்சைக்கு வடக்கே கசௌலிவரை போக வேண்டியிருந்தது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். பெயரைக் கேட்டு நாய் உண்ணியைச் சந்தேகிக்காதீர்கள். புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் இது வருகிறது. நாய் புதருக்குள் பாயும், பின்னாலேயே நாமும் போவோம், அங்கேதான் வினை. முழுக்கால் சட்டை, சாக்ஸ் போடுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டு வெந்நீரில் குளித்து, துணியை மாற்றுங்கள்.

வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிலவேம்புக் குடிநீரைக் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையைக் காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று பாதிப்பு பரவும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நாயோட மலைக்குப் போய்ட்டு வந்தோம், புல்லுல நடந்தோம்."