கைத்தொழிலும் கணக்கும் – 9: பலகை நடும் கூலி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சுமார் 30 கிலோமீட்டர்ச் சாலையிலும், அங்கிருந்து வடக்கே கோவளம் வரையிலும் தெற்கே கூவத்தூர் வரையிலும் நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், நேற்றுவரை வயலாகவும் சவுக்குத் தோப்பாகவும் இருந்து இன்று மனைப்பிரிவுகளாக மாறிவிட்ட நிலங்களின் முகப்பில் நிற்கும் விற்பனைப் பலகைகளைக் காணாமல் யாரும் பிரயாணம் செய்துவிட முடியாது. அவற்றில் மனையின் விலை எழுதியிருக்கிறது. தரகரின் தொலைபேசி எண் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையைச் சுமந்து வந்து, குழி தோண்டி, கால் ஊன்றி, கான்கிரீட் இட்டு நிறுத்திவிட்டுப் போன மனிதருக்கு என்ன கூலி கிடைத்தது, அது எந்தக் கணக்கின்படி தீர்மானமாயிற்று என்று விசாரிப்பவர் மிகச் சிலர். தகரத்தில் எனாமல் வர்ணத்தால் எழுத்துத் தீட்டியவர்களின் தொழில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று சென்ற வாரம் பார்த்தோம். அவர்களில் சிலர் இப்போது பலகை நடுவதைக் கொண்டே ஜீவனம் நடத்துகிறார்கள். ஆகையால் இந்த வாரம் அந்தக் கூலியின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பிரதேசத்தில் இத்தனை பலகைகள் முளைத்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. மறைமலை நகரின் தொழிற்சாலைகள், மகேந்திரா சிட்டி, பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் ஆகியவை ஒரு பக்கம் நிலத்தின் விலையை ஏற்றின. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது மறுபக்கம் அதற்கு உரமிட்டது. பலகையில் எழுதப்படும் விஷயத்தையும் சட்டம் மாற்றியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் என்ற வரி இல்லாத பலகைக்கு மதிப்பில்லாமற் போயிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவோ, பதிவு செய்யப்பட்ட மனைத்திட்டத்தின் விளம்பரம் ஒவ்வொன்றிலும் ரெரா பதிவு எண் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. எண் விடுபட்ட பலகையைக் கழற்றி, மறுபடி அச்சடித்து, மறுபடி பூட்டுகிற வேலை பலகைக்காரர் தலையில் விழுவதுண்டு. அச்சுக்குப் போகுமுன் வாசகத்தைத் தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளாதவர், பிறர் தவற்றுக்குத் தம் கைப்பணத்தைச் செலவிட நேரும்.

கூலி விஷயத்திற்கு வருவோம். ஃப்ளெக்ஸ் அச்சு சதுர அடிக்கு இவ்வளவு என்று விற்கப்படுவதால், அதை மாட்டுவதற்கும் நடுவதற்கும்கூடச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் சம்பிரதாயம் எப்படியோ புகுந்து நிலைத்துவிட்டது. இந்தத் தொழிலில் உள்ளவர்களின் வறுமைக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அச்சு இயந்திரத்தின் செலவு விஸ்தீரணத்தோடு கூடும், குறையும். குழி தோண்டுகிறவனின் செலவு அப்படியன்று. 4 அடிக்கு 3 அடிப் பலகைக்கும் 6 அடிக்கு 4 அடிப் பலகைக்கும் வண்டி ஓடும் தூரம் ஒன்றே. இரண்டிற்கும் கடப்பாரை இறங்க வேண்டிய ஆழத்திலும் பெரிய பேதமில்லை. “ஒரே ஒரு போர்டுதானே அண்ணே, போற வழியில நட்டுட்டுப் போயிடுங்க” என்று தரகர் தொலைபேசியில் சொல்லும்போது, அந்த வழி செங்கற்பட்டுக் கடையிலிருந்து கடற்கரைக்கு ஒரு மணி நேர வழி என்பதையும், அந்த ஒரு பலகைக்காகவே வண்டி கிளம்ப வேண்டியிருக்கும் என்பதையும் அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஓர் உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகளை அவரவர் ஊருக்கும் நிலைமைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது. பலகை நடுபவருக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், உடன் வரும் ஆளுக்கு 800 ரூபாய், கடை வாடகை, டிரில்லிங் மெஷின் தேய்மானம், தொலைபேசி முதலியவற்றுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மழை, வெயில், வேலையில்லாத நாள் எல்லாம் கழித்து மாதத்தில் 20 நாள் உண்மையான வேலை கிடைத்தால், நாள் ஒன்றுக்கு 2,400 ரூபாய், 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 300 ரூபாய் ஆகிறது. மாமல்லபுரம் பக்கம் போய்வர 2 மணி, சாமான் ஏற்றி இறக்க அரை மணி: 750 ரூபாய். குட்டியானை வண்டி 60 கிலோமீட்டர் ஓட டீசலும் தேய்மானமும் 600 ரூபாய். ஆகப் பயணச் செலவு மட்டும் 1,350. பிறகு, ஒரு பலகையை நட்டு முடிக்க 1 மணி நேரத்துக்கு 300, சிமென்ட், ஜல்லி, எம் சாண்டுக்கு 150. மொத்தம் 1,800 ரூபாய். இதே பலகையைச் சதுர அடிக்கு 25 ரூபாய் என்று பேசி ஒப்புக்கொண்டவருக்குக் கிடைப்பது 12 சதுர அடிக்கு 300 ரூபாய்.

அதே மனைப்பிரிவில், அதே பயணத்தில் இரண்டாவது பலகை நட்டால் அதற்கு 450 ரூபாய்தான் ஆகிறது. ஐந்து பலகைகளுக்கு 3,600. பலகை ஒன்றுக்கு 720. ஆகவே ‘ஒரு பலகைக்கு என்ன ரேட்?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இருக்க முடியாது. முதற் பலகைக்கு ஒரு விலை, தொடர்ந்து வரும் ஒவ்வொன்றுக்கும் வேறொரு விலை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதே உண்மைக்கு நெருங்கிய விலை. இவையெல்லாம் அடக்க விலை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். இதன்மேல் ஐந்தில் ஒரு பங்காவது லாபம் சேராவிட்டால், வண்டி பழுதாகும் மாதத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான்.

குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மாவட்டத்தில் குழிக்குக் குழி விலை மாறுகிறது. செங்கற்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மேட்டு நிலங்களில் செம்மண்ணுக்கு அடியில் சரளையும் பாறையும் சீக்கிரமே எதிர்ப்படுகின்றன. அங்கே ஒன்றரை அடி இறங்குவதற்குள் கடப்பாரையின் முனை மழுங்கிவிடுகிறது. ஆனால் இறங்கிய கால் அசையாது. ஏரிப் பாசன நிலங்களில் களிமண்; மழையில் உப்பி, கோடையில் வெடித்து, நட்ட பைப்பை மெல்ல மெல்லச் சாய்த்துவிடும். பட்டிபுலத்திலும் சாலவான்குப்பத்திலும் கடலோர மணல்; பத்தே நிமிஷத்தில் இரண்டடி தோண்டிவிடலாம், ஆனால் தோண்டத் தோண்டப் பக்கங்கள் சரிந்து குழி அகன்றுகொண்டே போகும், அகன்ற அளவுக்குக் கான்கிரீட்டைக் கொட்ட வேண்டும். அநுபவமுள்ளவர்கள் அங்கே அடி கழற்றிய பழைய பெயின்ட் டப்பாவைக் குழிக்குள் இறக்கி, அதற்குள் பைப்பை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்து, பைப்பின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டை வெல்டிங் செய்து, பிறகே கலவையை ஊற்றுகிறார்கள். அந்தக் குறுக்குக் கம்பி இல்லாவிட்டால், காற்றில் பலகை திரும்பத் திரும்ப, பைப் கான்கிரீட்டுக்குள்ளேயே சுழன்று தளர்ந்துவிடும். கடற்காற்றின் உப்பினால் சாதாரண இரும்புச் சதுரக் குழாய் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதே கடினம். ஜி.ஐ. பைப் விலை அதிகந்தான். ஆயினும் வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சுப் போய்விடுவதால் அங்கெல்லாம் மறுபடி பூச்சுக் கொடுத்தால் பல மழைக்காலம் தாங்கும். கடற்கரைப் பக்கத்துப் பலகைக்குத் தனி விலை கேட்பவரைப் பேராசைக்காரர் என்று தரகர்கள் எண்ணுவது இந்த விவரங்களை அறியாமையால்தான்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. சென்னைப் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, பகுதி 3) வகுத்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர்மீது விழும் அழுத்தம் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஏறத்தாழ 3 சதுர மீட்டர், ஆகவே 450 கிலோ. இது கற்பனையான அபாயம் அன்று. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தன. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பெரிய பலகைகளின் ஃப்ளெக்ஸைக் கிழித்துச் சட்டத்தை மட்டும் நிற்கவிடும் வழக்கம் இங்கு உண்டு. அந்த வேலைக்கும் நள்ளிரவானாலும் இதே மனிதர்தான் ஓட வேண்டும், அதற்கும் கூலி பேசப்படுவதில்லை.

கூலியோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டப்பட்டிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த இளம்பெண் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறந்திராது. அந்த வழக்கில் பேனர் வைக்கச் சொன்னவரோடு, அதைக் கட்டியவர்களும் கைதானார்கள். ஆகவே நெடுஞ்சாலை ஓரத்திலோ, சாலை நடுத்திட்டிலோ, மின்கம்பத்திலோ, மரத்திலோ கட்டச் சொன்னால் எந்த விலைக்கும் உடன்படாதிருப்பதுதான் பலகைக்காரருக்குக் காப்பு. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று தொல்லியல் சட்டம் சொல்வதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மனைக்குள், உரிமையாளரின் சம்மதத்தோடு நடுவது ஒன்றே நேர்மையான வேலை.

இனி, யாருமே விலை பேசாத ஒரு வேலையைச் சொல்கிறேன்: பலகையை அகற்றுவது. மனை விற்றுப் பத்திரம் முடிந்த மறுநாளே தரகருக்கு அந்தப் பலகையோடு உள்ள சம்பந்தம் தீர்ந்துவிடுகிறது. வாங்கியவர் வெளியூரில் இருப்பார். வெளுத்துக் கிழிந்த ஃப்ளெக்ஸும் துருவேறிய காலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று, ஒரு காற்றில் சாய்ந்து, எவர் காலையாவது கிழிக்கும். இங்கிலாந்தில் இதற்கு 2007-ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே வழி செய்திருக்கிறார்கள்: விற்பனைக்குள்ள வீட்டுக்கு ஒரே பலகை, சாதாரணமாக அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாமல், விற்பனை முடிந்து 14 நாளுக்குள் அதை எடுத்துவிட வேண்டும். அகற்றுவது கட்டாயமாக இருப்பதால், நடுவதற்கும் எடுப்பதற்கும் சேர்த்தே விலை பேசுவது அங்கே இயல்பாக அமைகிறது. நம் கணக்கில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில் எடுத்துவந்தால் பயணச் செலவில் மூன்றில் ஒரு பங்கு 450, அரை மணி வேலைக்கு 150, ஆக 600 ரூபாய். இதை முதல் பில்லிலேயே தனி வரியாக எழுதி வாங்கிவிட வேண்டும். எடுத்த சட்டத்தைத் துடைத்து வர்ணம் பூசி மறுமுறை பயன்படுத்தும்போது தரகருக்கும் அதில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுக்கலாம்.

தரகர்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. பத்து மனைக்குப் பலகை வைத்தால் ஒன்றிரண்டே விலை போகும் மாதங்கள் உண்டு. போட்டிக்காரர்கள் பலகையைப் பிடுங்கிப் போடுவதும் உண்டு. தரகுப் பணம் கையில் வரும்வரை அவருக்கும் கைச்செலவுதான். என்றாலும், அரைக் கிரவுண்டு மனை 30 லட்சத்துக்குக் கிரயமானால் நூற்றுக்கு 1 வீதம் தரகு 30,000 ரூபாய் என்பதை வைத்துப் பார்க்கையில், நட்டு, காத்து, எடுத்துத் தருவதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கேட்பது அநியாயமாகாது. சுமையைக் குறைக்க ஒரு வழியும் இருக்கிறது. பலகைக்காரர், வாரத்தில் செவ்வாய்க்கிழமை கடற்கரைச் சாலை, வெள்ளிக்கிழமை ஜி.எஸ்.டி. சாலை என்று நாள் குறித்து எல்லாத் தரகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நாள்வரை பொறுப்பவர்கள் பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; இன்றே வேண்டும் என்பவர் முழுப் பயணத்துக்கும் கொடுக்கட்டும்.

பாக்கி வசூல் மற்றொரு துயரம். உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துகொண்ட குறுந்தொழில் செய்பவருக்கு, 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் உரிமை உண்டு. பெரிய மனைப்பிரிவு நிறுவனங்களிடம் இந்தப் பதிவு எண்ணைப் பில்லின் தலையில் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.

செங்கற்பட்டு, திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் மனை விற்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பலகைக்குச் சொல்லும்போது சதுர அடி ரேட்டைக் கேட்காதீர்கள், பயணத்துக்கு எவ்வளவு, குழிக்கு எவ்வளவு, எடுப்பதற்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே கேட்டு, மூன்றுக்கும் சேர்த்துப் பாதியை முன்பணமாகக் கொடுங்கள்.

(தொடரும்)