பழைய வயலினுக்கு ஏற்ற தந்தி

சென்ற விசயதசமியன்று எம் மகளுக்கு வயலின் பயிற்சி தொடங்குவதென முடிவாயிற்று. "வீட்டில் வாத்தியம் உண்டோ?" என ஆசிரியை வினவ, தந்தையார் மறைந்தபின் பெட்டியிலேயே கிடந்த அவரது வயலினைச் சற்றுப் பெருமையுடனேயே எடுத்துக் காட்டினோம்.

அதனுள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' என அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். வாசகர் எவர் வீட்டிலேனும் அத்தகைய சீட்டு இருப்பின் மயங்க வேண்டா. கிரெமோனா நகரத்து மேதை அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய சீட்டுகளோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு ஜேர்மனியின் மார்க்நொய்கிர்ஹென் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பெற்ற மலிவான வயலின்களில் ஒட்டப்பட்டன. எமதும் அவற்றுள் ஒன்றே. ஆயினும் அதனை நாம் போற்றுவதற்கு வேறு காரணம் உண்டு.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய இரவில், எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கத் தந்தையார் மட்டும் விளக்கருகே அமர்ந்து அதன் தந்திகளைச் சிறிது தளர்த்தினார். "இந்த நேரத்திலை உங்களுக்கு உது வேணுமோ?" என்று அன்னையார் கடிந்தது இன்றும் எம் செவியில் உள்ளது. மறு ஆண்டு திரும்பியபோது கூரையிற் பாதி இல்லை, வயலின் இருந்தது. விளிம்பில் ஒரு பொருத்து விட்டிருந்ததேயன்றிப் பலகை வெடிக்கவில்லை. தந்தையார் அதனை ஒட்டுவித்து வாசித்தார்.

வயலின் செய்வோர் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தையே பொருத்துகளுக்கு இடுவர். ஈரத்தில் மரம் புடைக்கையில் வச்சிரம் முதலில் விட்டுக்கொடுக்கப் பலகை தப்பும். முற்றக் கூட்டிய நான்கு தந்திகளின் இழுப்போ 20 கிலோகிராமுக்கு மேலாகும்; மேற்பலகையின் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே.

இதனை அறியாது நாம் தவறினோம். மலிவென்று உருக்குத் தந்திகள் வாங்கி, மேனாட்டு முறைப்படி ஜி, டி, ஏ, ஈ எனக் கூட்டினோம். இரண்டாம் இரவு 'டக்' என்றோர் ஓசை. பழைய பொருத்து மீண்டும் விட்டிருந்தது! தளபாடத் தச்சர் ஒருவர் இனி என்றும் விடாதபடி வலிய பசையிட்டு, வார்னிசும் பூசித் தருவதாகச் சொன்னார். ஆசிரியை தடுத்திராவிடின் இசைந்திருப்போம். அத்தகைய பசையிட்டால், அடுத்த முறை பொருத்துக்குப் பதிலாகப் பலகையே பிளக்கும். மேற்பூச்சோ ஒலியை மழுக்கும்.

தந்தி வாங்கச் செல்லுமுன் சுருதி எதுவென அறிதல் வேண்டும். நம் இசையில் நான்கு தந்திகளும் ஸ, ப, ஸ, ப என நிற்பன. பெண்குரலுக்கு இசைந்த 5 கட்டையில் அவை ஜி, டி, ஜி, டி ஆகின்றன. அதாவது மேனாட்டு நிலையினின்று மேலிரண்டும் மட்டும் ஒரு முழுச் சுரம் இறங்கும். 1 கட்டையிலோ நான்கும் மிகத் தாழ்வதால், மெல்லிய தந்தி தொய்ந்துவிடும். சற்றுத் தடித்தது தேவை.

ஆட்டுக் குடலிற் செய்த தந்தியின் இனிமைக்கு ஈடில்லை. ஆனால் வாடைக்காற்று வீசுங்காலத்தில் ஒரு கீர்த்தனை முடியுமுன்பே அதன் சுருதி நழுவும். உருக்கு நெடுநாள் உழைக்கும். பழைய வாத்தியத்தில் ஒலி கூர்மையாய்க் குத்தும். செயற்கை இழையை உள்ளீடாகக் கொண்டவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை; வியன்னாவின் தொமாஸ்ரிக் நிறுவனத்தார் 1970இல் வெளியிட்ட 'டொமினன்ற்' அவற்றுட் பெயர் பெற்றது. விலை சற்றுச் சுடும். எனினும் நாம் இவ்வகையையே தெரிந்தோம்.

தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றுக. நான்கையும் ஒருங்கே கழற்றினால் குதிரை சரிவதோடு, உள்ளே ஒட்டாது நிற்கும் சிறு மரத்தூணும் விழுந்துவிடும். பிரெஞ்சுக்காரர் அத்தூணை 'ஆன்மா' என்றே அழைப்பர். சுருதி கூட்டுகையிற் குதிரை பிரடைப்பக்கம் சாய்கின்றதா என நோக்குக. வில்லிலிருந்து உதிரும் குங்கிலியப் பொடியை அன்றன்றே மென்துணியால் துடைக்க வேண்டும். மதுசாரம் பூச்சைக் கரைத்துவிடுமாதலால் அதனைத் தொடவே கூடாது. சரசுவதி பூசையன்று ஈரச் சந்தனத்தைப் பெட்டிக்கு இட்டாற் போதும், கலைமகள் கோபிக்கமாட்டாள்.

சென்ற பாடசாலை விடுமுறையில் நாம் கொழும்புக்குப் புறப்பட்டு வாசலைக் கடக்கையில், அன்னையார் பேத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பிள்ளை, தந்தியைக் கொஞ்சம் இளக்கினியோ?"