மருந்தேறிய மரமும் மக்குவதேன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீட்டின் பின்சுவரை ஒட்டி, தரைக்குச் சற்று உயரத்தில், மரத்தூண்களின்மேல் உத்திரமும் சட்டமும் பலகையும் பரப்பி, மாலை வேளையில் நாற்காலி போட்டு உட்காருவதற்கென்று கட்டிக்கொள்ளும் திறந்த மேடைக்கு 'டெக்' என்று பெயர். மழையும் பனியும் வெயிலும் மாறி மாறி விழும் அந்த மேடைக்குச் சாதாரண மரம் தாங்காது என்பதனால், அழுத்தத்தால் மருந்தேற்றிய பைன் மரத்தையே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இலேசான பச்சைச் சாயல் படிந்த அப்பலகைகளின் முனையில், ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் கூறும் சிறு சீட்டு ஒன்று அடிக்கப்பட்டிருப்பதும் உண்டு. அவ்வளவு உத்தரவாதம் பெற்ற மரம் சில வீடுகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காலடியில் மெத்தென்று அமுங்குமானால், குற்றம் மருந்தினுடையதா, மரத்தினுடையதா, கட்டியவருடையதா என்ற கேள்வி எழுவது நியாயமே. என் அபிப்பிராயத்தில், முதல் இரண்டின்மேல் பழி சுமத்த இடம் குறைவு.

மரத்தை அழிப்பது மழை அன்று. மழை தங்கிய மரத்தில் குடியேறும் பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதந்தபடி இருப்பதால் அவற்றை விலக்கி வைத்தல் இயலாத காரியம். ஆயினும், உலர்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஈரம் இருக்குமாயின் அவை முளைத்து வளர்வதில்லை. ஈரம் முப்பது சதவீதத்தை எட்டும்போது, மரத்தின் உயிரணுச்சுவர்கள் தாம் கொள்ளத்தக்க நீரையெல்லாம் கொண்டுவிட, மிஞ்சிய நீர் உட்குழிகளில் தேங்கத் தொடங்கி, பூஞ்சணத்துக்கு வேண்டிய சகல வசதியும் அமைந்துவிடுகிறது. பைன் முதலிய ஊசியிலை மரங்களைப் பெரிதும் பீடிப்பது பழுப்பு மக்கல் என்னும் வகை. அதை விளைவிக்கும் பூஞ்சணத்தின் நொதிகள் உயிரணுச்சுவரின் நுண்துளைகளில் நுழைய மாட்டாத அளவு பெரியவை. ஆகவே அது ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் இரும்பையும் சந்திக்க வைத்து, அதனால் பிறக்கும் உக்கிரமான சிறு துணுக்குகளை முன்னே ஏவி, செல்லுலோஸைச் சிதைத்து, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அப்படி இற்ற கட்டையை ஸ்குரூ டிரைவரால் கிளறினால், குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சிறு சிறு கனசதுரங்களாய் உதிர்ந்து, விரல்களிடையே தேய்க்கத் தேய்க்கப் பழுப்புப் பொடியாகிவிடும்.

மரத்துக்கு மருந்தூட்டும் முறை பழையது. 1838-ல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் என்பவர் காப்புரிமை பெற்ற வழியே இன்றும் அடிப்படையாக நிற்கிறது: கட்டைகளை நீண்ட எஃகு உருளைக்குள் தள்ளி மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்து, பின் மருந்தை விட்டு, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு அழுத்தத்தில் மரத்துக்குள் புகுத்துகிறார்கள். பெத்தெல் கையாண்டது நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெய். தண்டவாளத்தின்கீழ் இடும் கட்டைகளுக்கு அது தகுமேயன்றி, உட்கார்ந்து பேசும் இடத்தில் அதன் நாற்றத்தை யார் சகிப்பார்? நீரில் கரையும் உப்புகளோ மழையோடு கரைந்து போய்விடும். இச்சங்கடத்துக்கு விடை கண்டவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சொண்டி காமேசம். செம்பு, ஆர்சனிக் ஆகிய நஞ்சுகளோடு குரோமியத்தையும் சேர்த்தால், மருந்து உள்ளே சென்றபின் எளிதில் கரையாத உப்பாக மாறி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் 1933-ல் கண்டார். 'ஆஸ்கு' என்ற பெயரில் வெளிவந்த அக்கலவையின் வழிவந்த மருந்தே பிற்பாடு அமெரிக்கக் கொல்லைப்புறங்களையெல்லாம் ஆண்டது. நம் நாட்டில் அவர் பெயரைக் கேட்டிருப்போர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆர்சனிக்கைப் பற்றிய அச்சத்தால் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அது அங்கே வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட, செம்பை முதன்மையாகக் கொண்ட வேறு மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தன.

மிஸிஸிப்பி மாநிலத்தின் ஈரமண்ணில் அமெரிக்க வன ஆய்வாளர்கள் சோதனைக்காக நட்டுவைத்த மருந்தேறிய முளைகள், பல பத்தாண்டுகள் கடந்தும் உறுதியாய் நின்றதுண்டு. அம்முளைகள் சிறியவை, நீரை மேலே ஏற்றும் வெளிறினாலேயே ஆனவையாதலால் மருந்து அவற்றில் ஊடுருவிப் பாய்ந்திருந்தது. கடையில் வாங்கும் தடித்த கட்டையின் சங்கதி வேறு. அதன் நடுவிலுள்ள வைரம், தன் நுண்வழிகளை அடைத்துக்கொண்டுவிட்டமையால், பத்து மடங்கு அழுத்தத்துக்கும் இடங்கொடாது. வைரம் பாய்ந்த கட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நமக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் தேக்கின் வைரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், விரைவில் வளர்த்து வெட்டப்படும் பைனின் வைரத்துக்கு அந்தச் சக்தி போதாது. தூண் ஒன்றைக் குறுக்கே அறுத்து, குரோம் அசுரால் என்னும் சாயக் கரைசலைத் தெளித்துப் பார்த்தால், செம்பு சென்ற இடமெல்லாம் கருநீலமாக மாற, நடுவில் செம்பு எட்டாத திட்டு தனித்துத் தெரியும்.

ஆகவே தச்சர் அளவுக்கு அறுத்ததும், போல்ட்டுக்கென்று துளையிட்டதும், மருந்தின் காவலில் வாசல் திறந்துவிடுகிறது. அதிலும் குறுக்கே அறுத்த முகம், நீரோடும் நுண்குழல்கள் வாய் திறந்து நிற்கும் இடமாதலால், பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக ஈரத்தை உறிஞ்சுகிறது. அங்கே செம்பு நாஃப்தனேட் கரைசலை நன்றாய் ஊறும்வரை தூரிகையால் தடவ வேண்டும் என்றும், தூணில் அறுக்காத முனையே மண்ணைப் பார்த்து நிற்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒரு டப்பா கரைசலுக்கும் அரைமணி நேரத்துக்கும் கணக்குப் பார்த்து இதைத் தட்டிக்கழிப்பவர்களாலேயே பல மேடைகள் அற்பாயுளில் முடிகின்றன என்பது என் துணிபு. தச்சர் திறக்காத வாசலை வெயில் திறக்கிறது: உலரும் மரம் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகையால், நீளவாட்டில் வெடித்து, மருந்தில்லாத உட்பகுதிவரை நீருக்கு வழிவிடுகிறது. நீர் விலக்கும் பூச்சை ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூசினால் இவ்வெடிப்பு மட்டுப்படும். ஏடுபோல் மேலே படியும் வர்ணத்தைவிட மரத்துக்குள் இறங்கும் பூச்சே நல்லது.

செம்பையே சட்டை செய்யாத பூஞ்சணங்களும் உண்டு. ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து, செம்பைக் கரையாத உப்பாக்கி ஒதுக்கிவிடும் அவற்றுக்காகவே, புதிய மருந்துகளில் செம்போடு வேறொரு நஞ்சையும் கலக்கிறார்கள்.

முதலில் இறுவது பெரும்பாலும் கண்ணில் படும் பலகை அன்று. அதைத் தாங்கும் சட்டத்தின் மேல்விளிம்பு. பலகைகளின் இடைவெளியில் விழும் சருகும் மண்ணும் அங்கே அடைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்க, திருகாணிகள் துளைத்த வழியே அந்த ஈரம் கீழே இறங்குகிறது. சட்டத்தின் தலையில் பியூட்டைல் ரப்பர் நாடா ஒட்டுவதும், இடைவெளியைக் கிளறிச் சுத்தம் செய்வதும் செலவில்லாத வைத்தியம். தூணைக் கான்கிரீட்டில் புதைப்பதைவிட, அதற்குமேல் ஓர் அங்குலம் தூக்கிப் பிடிக்கும் உலோகப் பாதத்தில் நிறுத்துவது மேல். எல்லாவற்றிலும் ஆபத்தானது, மேடையை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் பலகை: அதன் தலைமேல் தகடு மடித்துப் போடாவிட்டால் மழைநீர் பின்புறம் இறங்கி, பலகையையும் வீட்டுச் சட்டத்தையும் ஒருங்கே அரிக்கும்; போல்ட்டுக்குப் பதில் வெறும் ஆணியால் அடித்திருந்தால், கூட்டம் கூடிய ஒரு மாலையில் மேடையே பெயர்ந்து விழக்கூடும். அந்தத் தகடு அலுமினியமாக இருக்கலாகாது, ஏனெனில் மரத்திலுள்ள செம்பு அதைத் தின்றுவிடும். ஆணிகளும் துருவேறா எஃகாகவோ, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையாகவோ இருத்தல் அவசியம். சாதாரண ஆணி, மரம் இறுவதற்கு முன்பே இற்றுவிடும்.

2003-க்கு முற்பட்ட மேடைகள் பலவும் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்போர், காய்ந்த விறகு கிடைத்ததென்று அப்பலகைகளை அடுப்பிலிட்டால், மரத்தோடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வெளிப்பட்டுவிடும். தூளாக்கிச் செடிகளைச் சுற்றிப் பரப்புவதும் ஆகாது. ஊர்க் குப்பையைப் பொறுப்பேற்கும் துறையிடம், இன்ன மருந்தேறியது என்று சொல்லி ஒப்படைப்பதே முறை.