ஸ்கிரீன் கறுப்பா இருந்தா சிஸ்டம் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல

காலேஜ் கடைசி வருஷம். புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸும் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு. பயத்துல மொத்தத்தையும் ஃபார்மட் பண்ணிட்டேன். ரிவ்யூ கோடும் அதோட போச்சு.

இன்னைக்குன்னா முதல்ல கேப்ஸ் லாக் தட்டிப் பார்ப்பேன். லைட் எரிஞ்சு அணைஞ்சா கெர்னல் உயிரோடதான் இருக்கு, படம்தான் வரல. பூட் ஆகும்போதே கெர்னல் டிஸ்ப்ளே மோடை செட் பண்ணும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் ஒத்துவரலைன்னா அங்கேயே இருட்டிடும்.

அந்த வேலையை இப்போதைக்குச் செய்யாதேன்னு சொல்லணும், அவ்வளவுதான். உபுண்டுன்னா, கிரப் மெனுவுல அது மேல நின்னு 'இ' கீயை அழுத்துங்க. 'லினக்ஸ்'னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில ஸ்பேஸ் விட்டு நோ, மோட், செட் மூணையும் இங்கிலீஷ்ல ஒட்டி டைப் பண்ணுங்க. அப்புறம் எஃப்10. ரெசல்யூஷன் கேவலமா இருக்கும், பரவாயில்ல. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது. உள்ள போய் 'அடிஷனல் டிரைவர்ஸ்'ல கார்டுக்கான டிரைவரைப் போட்டுட்டு ரீஸ்டார்ட்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னா அடுத்த பூட்ல நீல ஸ்கிரீன் வரும். 10 செகண்டுக்குள்ள ஏதாவது கீ தட்டி, 'என்ரோல் மோக்' எடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்க. பதறிப்போய் 'கன்டினியூ பூட்' கொடுத்தா டிரைவர் லோடே ஆகாது.