“எங்க ஆச்சி முகம் வெளுத்துப்போச்சே!”
கல்யாண வீடியோவால் இலஞ்சியில் தகராறு. ஹார்டு டிஸ்க்கில் இருந்து மீண்டது நிஜ நிறம்

இலஞ்சி, ஆக.-

கல்யாண வீடியோவில் ஆச்சியின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக் கொதித்துப்போன பேரன், வீடியோக்காரரின் கடைக்கே போய்ச் சண்டை போட்டார். குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் நடந்த சம்பவம் இது.

இலஞ்சி குமாரர் கோவிலில் கல்யாணம். சாயங்காலம் குற்றாலத்தில் அருவிக்கரையில் படப்பிடிப்பு. எல்லாம் ஜாம்ஜாம் என்று முடிந்தது. ஆனால் நாற்பதாவது நாள் ஆச்சி காலமாகிவிட்டார். அவரது கடைசி வீடியோ அந்தக் கல்யாண வீடியோதான்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காட்டலாம் என்று பென் டிரைவை டி.வி.யில் சொருகினார்கள். குங்குமம் ரோஸ் கலராக இருந்தது. அரக்குப் பட்டு சாயம் போன சேலை மாதிரி தெரிந்தது. ஆச்சி முகத்தில் களையே இல்லை!

“கோவப்படாதீங்க அண்ணாச்சி”

“ஏம்ப்பா தம்பி, காசு வாங்கிட்டு இப்படியா பண்ணுவ? ஆச்சி இனிமே திரும்பி வரப்போறாளா?” என்று பேரன் சத்தம் போட்டார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

“கோவப்படாதீங்க அண்ணாச்சி. படம் போகல. கணக்குதான் மாறிப்போச்சு” என்றார் வீடியோக்காரர்.

படத்துக்கு ஏது கணக்கு? விசாரித்தபோது பல விஷயங்கள் வெளிவந்தன.

மரக்காலும் நாழியும்

அந்தக் கேமராவில் எடுத்தது ‘எச்.டி.ஆர்.’ படம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அதிகமாகப் பிடித்து வைக்கும் முறை இது.

டி.வி.யின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். குண்டு டி.வி. காலத்தில் இருந்து சாதாரணப் படத்துக்கு 100 நிட்தான் கணக்கு. சினிமா கொட்டகை வெள்ளித்திரையில்கூட வெள்ளை நிறம் சுமார் 48 நிட்தான். ஆனால் 2014-ல் வகுத்த எச்.டி.ஆர். முறை ஒன்றில் 10 ஆயிரம் நிட் வரைக்கும் எழுதி வைக்க இடம் இருக்கிறது!

நிறத்திலும் அப்படியே. பழைய 8 பிட் முறையில் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். எச்.டி.ஆரில் வழக்கமான 10 பிட் முறையில் 107 கோடி!

வில்லங்கம் எங்கே வந்தது? எச்.டி.ஆர். படத்தில் உள்ள எண்கள் பெரிய அளவையில் எழுதியவை. அதை மாற்றாமல் அப்படியே சாதாரணப் படமாக ‘எடிட்டிங்’ செய்து பென் டிரைவில் ஏற்றிவிட்டார்கள். டி.வி. தனக்குத் தெரிந்த சின்ன அளவையில் அதைப் படித்தது. பத்து மரக்கால் நெல்லைப் பத்து நாழி என்று வரவு வைத்தால் என்ன ஆகும்? ஆச்சியின் குங்குமம் அப்படித்தான் குறைந்துபோனது.

கோடம்பாக்கத்து வித்தை

அளவை மாற்றி, நிறத்தைச் சரிக்கட்டும் வேலைக்கு ‘கலர் கிரேடிங்’ என்று பெயர். இது புதிதல்ல. பிலிம் காலத்தில் சென்னை சினிமா லேபரட்டரிகளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் கூட்டிக் குறைத்துத்தான் பிரிண்ட் போட்டார்கள். இப்போது அதே வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது.

நல்லவேளை! கேமராவில் எடுத்த அசல் படம் ஹார்டு டிஸ்க்கில் அழியாமல் இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும் என்று அதை அழிக்க இருந்தார்களாம். பென் டிரைவில் இருப்பது சுருக்கிய நகல். அதை வைத்துத் திருத்தினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிரியும்.

அசலை எடுத்து அளவை மாற்றினார் வீடியோக்காரர். அரை மணி நேரத்தில் குங்குமம் சிவந்தது. பட்டு அரக்கானது.

அருவிக் காட்சி மட்டும் தேறவில்லை. படம் எடுக்கும்போதே வெளிச்சம் அதிகமாக விழுந்து, தண்ணீர் வெறும் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. பதியாத வெளிச்சத்தை இலஞ்சி குமாரரே வந்தாலும் மீட்க முடியாது!

டி.வி. வாங்குவோர் கவனத்துக்கு

கடைகளில் மலிவு டி.வி.யில்கூட ‘எச்.டி.ஆர்.’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தை டி.வி. வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பல நேரம் அதற்கு அர்த்தம். முழு வெளிச்சத்தோடு காட்டும் என்று அர்த்தம் இல்லை. “எத்தனை நிட்? 10 பிட் பேனலா? பின்னால் உள்ள விளக்குகள் பகுதி பகுதியாக அணையுமா?” என்று கேளுங்கள். ‘ஓ.எல்.இ.டி.’ டி.வி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஒளி என்பதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். விலைதான் கூடுதல்.

செல்போன்காரர்களும் உஷார்! 2020-ல் வந்த ஐபோன் 12 முதல் பல போன்கள் எச்.டி.ஆரில் படம் பிடிக்கின்றன. வேறு போனுக்கு அனுப்பும்போது சில நேரம் நிறம் மாறித் தெரியும். பதறி அசலை அழித்துவிடாதீர்கள்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை: சாதாரண டி.வி.க்கு ஒன்று, எச்.டி.ஆருக்கு ஒன்று என இரண்டு நகல் கேளுங்கள். வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதுவரை அசலை அழிக்கக்கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடையில் திருத்திய படம் ஓடியது. ஆச்சி தலையைத் திருப்பிச் சிரித்தார். காதில் வைரத்தோடு பளிச்சிட்டது.

சண்டைக்கு வந்த பேரன் ஒன்றும் பேசவில்லை. “இன்னொரு தடவை போடு தம்பி” என்றார்.