நெஞ்சுக்குள் ஒரு காற்று

மார்ச் முடிந்து ஆபீஸ் கணக்கையெல்லாம் மூடியாச்சு. நெஞ்சு மட்டும் திறக்கவில்லை. இடது பக்கம் ஓர் இறுக்கம். ராத்திரி இரண்டு மணிக்குத் திடுக்கென்று விழிப்பு. ஈ.சி.ஜி. எடுத்தேன். 'நார்மல் சார்!' என்றார்கள். அந்தச் சேதி இறுக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மைசூருவிலிருந்து குடகு போகிற வழியில் பைலகுப்பே. திபெத்திய அகதிகளின் பெரிய குடியிருப்பு. அங்கே அவர்கள் வைத்தியசாலையைப் பார்த்ததும், "சும்மா காட்டேன்டா" என்றான் கூட வந்த நண்பன்.

வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். தூக்கம் எப்படி, சாப்பாடு நேரத்துக்கு உண்டா என்று கேட்டார். மேனேஜரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "லுங்!"

குனிந்து பார்த்தேன். பேண்ட்தான் போட்டிருந்தேன்! லுங் என்றால் காற்றாம். நம்ம ஊர் வாதம் மாதிரி. கவலை, பட்டினி, தூக்கக் கேடு, ஓயாத பேச்சு எல்லாம் அதைக் கிளப்பிவிடும். இதயத்தில் புகுந்தால் படபடப்பு, இறுக்கம், பெருமூச்சு.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவும் "வாயுதாண்டா" என்றுதான் சொன்னார். பெருங்காயம் போட்டு மோர் குடித்தார். அப்புறம் சோடா. விடியும்போது அவர் இல்லை.

அதைச் சொன்னேன். வைத்தியர் மாத்திரை டப்பாவை மூடிவிட்டார். ஈ.சி.ஜி.யை வாங்கிப் பார்த்தார். ஊர் திரும்பியதும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டும், அடைத்த ரத்தக் குழாயை இது திறக்காது என்று கறாராகச் சொன்ன பிறகுதான் டப்பா மறுபடி திறந்தது.

அகர்-35. பட்டாணி மாதிரி உருண்டை. மென்று வெந்நீர் குடிக்க வேண்டும். 35 சரக்குக்கும் தலைவர் அகில் கட்டை. ஆரோக்கியமான அகில் மரம் மணக்காது, தெரியுமோ? பூஞ்சை தாக்கிய இடத்தில் ஊறுகிற பிசின்தான் வாசனை. மற்றபடி சந்தனம், கடுக்காய் என்று பாதி நம்ம நாட்டு மருந்துக் கடை. ஜாதிக்காய்க்கு இதயம், கிராம்புக்கு உயிர்நாடி, குங்குமப்பூவுக்கு ஈரல் என்று இலாகா வேறு பிரித்திருக்கிறார்கள். 1916-ல் 13-வது தலாய் லாமா லாசாவில் தொடங்கிய இவர்களின் மருத்துவக் கல்வி நிலையம், 1961-ல் தர்மசாலாவில் மறுபிறவி எடுத்தது. இந்த வைத்தியத்துக்கு, 'சோவா ரிக்பா' என்ற பெயரில், 2010-ல் நம் அரசின் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது.

டிரெட்மில்லில் ஓடினேன். அதுவும் நார்மல். அன்று ராத்திரிதான் முதல் உருண்டையைக் கடித்தேன். கசப்பு! "என்னங்க, கோயில் வாசனை அடிக்குது?" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் இரண்டு மணி விழிப்பு வரவில்லை. அகிலாலா, டிரெட்மில் ரிப்போர்ட்டாலா? இரண்டையும் ஒரே டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.